திசு வளர்ப்பவர்கள் எந்த வரிசையில் நிற்பது?

அறுந்த காலைத் திரும்ப முளைக்கவைக்கும் ஆக்சலாட்டல் என்ற உயிரினத்தை ஆராய்கிறவருக்கும், மனிதக் கருவிலிருந்து வந்த ஸ்டெம் செல்லை வளர்க்கிறவருக்கும் ஒரே நாடு பொருந்தாது. விசா விதிகளைப் புரட்டுவதற்கு முன், ஆய்வுமேசையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

ஜெர்மனி இதற்கு நல்ல உதாரணம். ஆக்சலாட்டல் ஆய்வில் பெயர்பெற்ற எல்லி டனாகா பல ஆண்டுகள் ட்ரெஸ்டனில் வேலை செய்துவிட்டுத்தான் 2016-ல் வியன்னாவுக்குப் போனார். விசாவும் எளிது. ஆய்வு நிறுவனம் வரவேற்பு ஒப்பந்தம் போட்டுக்கொடுத்தால் ஆராய்ச்சியாளர் அனுமதி கிடைக்கும். சம்பள வரம்பை எட்டினால் ‘நீல அட்டை’ என்ற வேலை அனுமதி. அந்த அட்டையோடு பி1 அளவு ஜெர்மனும் தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு. ஆனால் மனிதக் கரு ஸ்டெம் செல் என்றால் கதை வேறு. 2007 மே 1-க்கு முன் உருவான செல் வரிசைகளை மட்டுமே, அதுவும் தனி அனுமதியோடு, இறக்குமதி செய்யலாம்.

அந்த ஆய்வுக்கு பிரிட்டன் தோதானது. உரிமம் பெற்றால் கருவை 14 நாள் வரை ஆய்வகத்தில் வைத்திருக்கலாம். 2020-ல் வந்த குளோபல் டேலண்ட் விசா எந்த முதலாளியோடும் கட்டிப்போடுவதில்லை. ஆய்வகம் மாறினாலும் விசா கையிலேயே இருக்கும், மூன்றே ஆண்டில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். வலிக்கிற இடம் பணம்தான். பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணத்தை மொத்த ஆண்டுகளுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டவேண்டும். குடும்பத்தோடு போகிறவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே கிளம்பவேண்டும்.

முதிர்ந்த செல்லை ஸ்டெம் செல்லாகத் திருப்பிப் பெறும் ஐபிஎஸ் செல்லோடு வேலை செய்பவர்களுக்கு ஜப்பான். அந்தச் செல்லை உருவாக்கிய யமனாகாவின் கியோட்டோ, 2014-ல் ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த விழித்திரைப் படலத்தை முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்திய கோபே இரண்டும் அங்கேதான். திறனாளர் விசாவில் 70 புள்ளி எடுத்தால் மூன்று ஆண்டில், 80 எடுத்தால் ஒரே ஆண்டில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். முனைவர் பட்டமும் இளம் வயதும் நிறையப் புள்ளி தரும். சிகிச்சைகளுக்கு நிபந்தனை அனுமதி சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அது நிலைக்கும் என்று நம்பிவிடக்கூடாது. 2015-ல் அப்படி அனுமதி பெற்ற இதயத்தில் ஒட்டும் தசைச் செல் தாளுக்கு 2024-ல் முழு அனுமதி கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் தகுதியைக் காட்டுவதைவிட முறை வரக் காத்திருப்பதுதான் பெரும்பாடு. ‘தேசிய நலன் விலக்கு’ என்ற இபி-2 கிரீன் கார்டுப் பிரிவில் வேலை தருபவர் இல்லாமல் விஞ்ஞானியே மனு போடலாம். உறுப்பு மாற்றுக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காத்திருக்கும் நாட்டில், திசு மீளாக்க ஆய்வு தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று வாதிடுவது அவ்வளவு கடினமல்ல. மனு ஏற்கப்பட்ட பிறகுதான் சோதனை. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பால், இந்தியாவில் பிறந்தவருக்கு இபி-2 வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. இபி-1 வரிசை சிறியது, தகுதிக் கோடு உயரம். எச்-1பி வேலை விசா வழியாக வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைத்தால் ஒரு லட்சம் டாலர் என்ற 2025 செப்டம்பர் அறிவிப்பு பல்கலைக்கழகங்களையும் யோசிக்கவைத்திருக்கிறது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு சந்து உண்டு. கணக்கில் வருவது பாஸ்போர்ட் அல்ல, பிறந்த நாடு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் இந்திய வரிசையில் நிற்கவேண்டியதில்லை. மதுரையில் பிறந்த விஞ்ஞானி அவரை மணந்திருந்தால், துணைவரின் பிறந்த நாட்டுக் கணக்கிலேயே முறை கேட்கலாம்.

அந்த வாய்ப்பு இல்லாத இந்திய ஆய்வாளர் அமெரிக்காவையே முதல் படியாக வைத்துக்கொள்வது சரியாகப் படவில்லை. பிரிட்டனிலோ ஜப்பானிலோ வேலையைத் தொடங்கி, அங்கிருந்தபடியே தேசிய நலன் மனுவைப் போட்டு வரிசையில் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதியைப் பிடித்து வைப்பது மேல். மனு ஏற்கப்பட்டால், பின்னாளில் இபி-1-க்குத் தகுதி பெறும்போதும் அந்தப் பழைய தேதியே செல்லும்.