கண்மாய் வேலையில் நேரும் பிணக்குகளும் அவற்றைத் தீர்க்கும் வழியும்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் நெல் விளைவு பெரும்பாலும் கண்மாயைப் பொறுத்தது. 1895-ஆம் வருஷம் முதல் பெரியாற்று நீரும், 1959-ஆம் வருஷம் முதல் வைகை அணையில் தேக்கிய நீரும் கால்வாய்களின் வழியே வந்து பல கண்மாய்களை நிரப்புகின்றன. ஏனையவை மழையையே நம்பியுள்ளன. நீர் எவ்வழியே வந்தபோதிலும், அதை வயலுக்குக் கொண்டு சேர்ப்பது பலர் கூடிச் செய்யவேண்டிய வேலையாகும். அவர்களுக்குள் பிணக்கு மூண்டால், கண்மாயில் நீர் இருக்கும்போதே கடைமடைப் பயிர் கருகிவிடும். கதிர் வெளிவரும் தருணத்தில் தவறிய நீரைப் பின்னர் எத்தனை முறை பாய்ச்சினாலும் ஈடு செய்ய இயலாது.

பிணக்குகள் பெரும்பாலும் மூன்று காரணங்களால் உண்டாகின்றன.

1. வேலைப் பங்கு: வாய்க்கால் வாருதல், கரை செப்பனிடுதல் முதலிய குடிமராமத்து வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க 1858-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டம் இடந்தந்தது. ஆயினும் ஊராரின் ஐக்கியம் இல்லாத இடத்தில் சட்டம் மாத்திரம் பலன் தரவில்லை. வீட்டுக்கு ஓராள் என்று வைத்தால், 1 ஏக்கர் உடையவரும் 10 ஏக்கர் உடையவரும் சமமாக உழைக்க நேரும். சிறு குடியானவருக்கு மனக்குறை உண்டாவது இயல்பே. ஆகையால் வாய்க்காலின் நீளத்தை ஏக்கர் கணக்கில் பகிர்ந்து, வேலை தொடங்குமுன் முளை அடித்து எல்லை காட்டிவிடவேண்டும்.

2. நீர் முறை: ஒரு மடையின் ஆயக்கட்டு 120 ஏக்கர், சுற்று 10 நாள் எனக் கொள்வோம். மொத்தம் 240 மணி. வாய்க்கால் நனைந்து நிரம்ப 12 மணி சென்றால், எஞ்சுவது 228 மணி; ஏக்கருக்கு 1 மணி 54 நிமிஷம் கிடைக்கும். இந்த 12 மணியைக் கழியாமல் முறை வகுத்தால் அந்த நஷ்டம் சிலர் தலையிலேயே விழும். சச்சரவு அங்கேதான் பிறக்கிறது. மேலும் சுற்று முழு நாட்களாக அமைவதால், இரவில் பாய்ச்சியவருக்கு எப்போதும் இரவே வாய்க்கும். அடுத்த சுற்றை 12 மணி தள்ளித் தொடங்கினால் இரவும் பகலும் மாறி வரும்.

3. நீர்க்கட்டியின் நிலைமை: மடை திறந்து அடைத்து, வயல்தோறும் நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகள் பல ஊர்களில் பட்டியல் வகுப்பினர், களத்தில் நெல்லாகக் கூலி பெற்று வந்தவர்கள். நடுநிலையே அவர்கள் தொழிலுக்கு உயிர். நிலமுடையவர் ஒவ்வொருவரும் தனித்தனியே உத்தரவிட்டு, இணங்காதபோது ஏசினால் அந்த நடுநிலை குலையும். எனவே உத்தரவு சபையின் வாயிலாக மட்டுமே செல்லவேண்டும். கூலி முன்னரே நிச்சயிக்கப்பட்டு, அறுவடையானவுடன் குறைவின்றி அளக்கப்படவேண்டும். அவர்களை மரியாதையுடன் நடத்துவது தயவன்று, கடமையே.

இவ்வளவு முன்னேற்பாடு செய்தபின்னும் வழக்கு எழுமாயின், நாள் கடத்தலாகாது. ஸ்பெயின் தேசத்து வாலென்சியா நகரில், விவசாயிகள் தேர்ந்தெடுத்த நீர் நியாயசபை வியாழக்கிழமைதோறும் நண்பகலில் தேவாலய வாசலில் கூடி, வாய்மொழியாகவே விசாரித்து உடனே தீர்ப்பளிக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆற்றின் ஒரு கரையைச் சேர்ந்தவராயின், மறுகரையார் தீர்ப்புச் சொல்வர். இம்முறையை நம் ஊர்களிலும் அனுசரிக்கலாம்: ஒரு மடையாரின் வழக்கை மற்றொரு மடையார் விசாரிக்கட்டும். விசாரணை வாய்க்கால் கரையிலேயே நடக்கட்டும்; இரு திறத்தாரையும் கேட்டு, நீர்க்கட்டியின் சாட்சியத்தையும் பெறவேண்டும். முதற் பிழைக்கு எச்சரிக்கை, மறு பிழைக்குச் சிறு அபராதம், பின்னர் அதிகம் எனத் தண்டனை படிப்படியாக உயரவேண்டும். அபராதத்தொகை கண்மாய் நிதியையே சேரவேண்டும். பொதுச் சொத்துக்களின் நிர்வாகத்தை ஆராய்ந்து 2009-ஆம் வருஷம் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாரும், நெடுங்காலம் நிலைத்த பாசன அமைப்புகளில் படிப்படியான தண்டனையும் செலவற்ற விரைந்த விசாரணையும் இருக்கக் கண்டார்.

கிராம அதிகாரிகளும் பாசன சங்கத்தாரும் மடை திறப்பதற்கு முன்பே ஊராரைக் கூட்டி, வேலைப் பங்கு, நீர் முறை, நீர்க்கட்டியின் கூலி ஆகிய மூன்றையும் எழுதி உரக்கப் படித்துக் காட்டுவார்களாக. நீர் வருமுன் பேசி முடித்த ஊரில், நீர் குறைந்த வருஷத்திலும் கடைமடை நெல் களம் வந்து சேரும்.