கரமனையாறும் மாறிவரும் மழையும்

பொதிகை மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறந்து திருநெல்வேலியை வளப்படுத்துகிறது. அதே மலைத்தொடரின் மேற்குச் சரிவில் பிறக்கும் கரமனையாறும் நெய்யாறும் அரபிக் கடலை அடைகின்றன. திருவனந்தபுரம் நகரின் தாகம் தீர்ப்பது கரமனையாறு. 1933ஆம் ஆண்டு முதல் அருவிக்கரையிலிருந்து நகருக்குக் குழாய்நீர் வருகிறது. அதற்கு மேலே, மலையடிவாரத்தில், பேப்பாறை அணை 1983இல் பயன்பாட்டுக்கு வந்தது.

கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. ஆயினும் 2016இல் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017ஆம் ஆண்டுக் கோடையில் பேப்பாறை நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்தது. தலைநகரின் குழாய்கள் வறண்டுவிடுமோ என மக்கள் அஞ்சினர். அப்போது நெய்யாற்று நீர்த்தேக்கத்திலிருந்து நீரை இறைத்து அருவிக்கரைக்குக் கொண்டுவந்தனர். அடுத்த ஆண்டே, 2018 ஆகஸ்டில், கேரளம் பெருவெள்ளத்தால் அல்லலுற்றது.

ஓர் ஆண்டின் வறட்சியையோ வெள்ளத்தையோ மட்டும் கொண்டு காலநிலை மாறிவிட்டது எனக் கூற இயலாது. ஆனால், புவி வெப்பமடையும்போது இத்தகைய நிகழ்வுகள் மிகும் என்பது அறிவியலார் முடிவு. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால், பல நாள் பெய்யவேண்டிய மழை சில நாள்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. மெல்லப் பெய்யும் மழை மண்ணில் இறங்கும். கோடையில் ஊற்றாகக் கசிந்து ஆற்றை ஓடச் செய்யும். கொட்டும் மழையோ மண்ணில் ஊறாமல் வழிந்தோடிவிடும். கரமனையாற்றின் நீளம் 68 கிலோமீட்டரே ஆதலால், அந்நீர் விரைவில் கடலைச் சேர்கிறது.

வழிந்தோடும் நீரைத் தடுத்து மண்ணுக்குள் அனுப்புபவை காடும் வயலும் குளமும் ஆகும். அவற்றைக் காப்பதும், கூரையில் விழும் மழைநீரைச் சேமிப்பதும் கோடைக்கு நீர் தேடி வைப்பதாகும்.

சொற்பொருள்
பொய்த்தல் – உரிய காலத்தில் பெய்யாமை
அல்லல் – துன்பம்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு

வினாக்கள்
1. பொதிகை மலைத்தொடரில் பிறக்கும் மூன்று ஆறுகள் யாவை?
2. 2017இல் திருவனந்தபுரத்திற்கு எந்த ஆற்றின் நீர் உதவியது? ஏன்?
3. மிகுந்த மழை பெய்தும் கோடையில் ஆறு வற்றுவது எவ்வாறு? விளக்குக.