ஆச்சிக்கு ஒரு தலையாட்டி பொம்மை: செய்முறையும் கொஞ்சம் மெக்கானிக்ஸும்

வீட்ல யாருக்காவது பரிசு கொடுக்கணும்னா நம்ம கை முதல்ல போறது மொபைலுக்குத்தான். ஆர்டர் போட்டா ரெண்டு நாள்ல வந்துடும். தப்பில்ல. ஆனா நம்மகிட்ட பழைய நியூஸ்பேப்பர் இருக்கு, மைதா இருக்கு, நாலு வருஷம் படிச்ச மெக்கானிக்ஸும் இருக்கு. இந்த மூணையும் வச்சு ஒரு தஞ்சாவூர் பொம்மை மாதிரி செய்யலாம். எப்படின்னு இந்தக் கட்டுரையில பார்ப்போம்.

பொம்மையைப் பரிசா கொடுக்கிறது நமக்குப் புதுசு இல்ல. கல்யாணம் ஆகிப் போற பொண்ணுக்கு அம்மா வீட்ல இருந்து மரப்பாச்சி ஜோடி கொடுத்து, அதுல இருந்து கொலு ஆரம்பிக்கிற வழக்கம் பல குடும்பங்கள்ல இருக்கு. ஜப்பான்ல ஐசு பகுதியில, தள்ளினா எழுந்து நிக்கிற குட்டிக் காகிதப் பொம்மைகளைப் புத்தாண்டுக்கு வாங்குவாங்க. வீட்ல எத்தனை பேரோ, அதைவிட ஒண்ணு அதிகமா வாங்கணுமாம். குடும்பம் பெருகணும்னு ஒரு நம்பிக்கை.

தஞ்சாவூர் பொம்மை ஏன் விழறதில்ல?

தஞ்சாவூர் பொம்மையில ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, இடுப்பும் கழுத்தும் தனித்தனியா ஆடுற நடன பொம்மை. ஒவ்வொரு பாகமும் ஒரு முனை மேல தொங்கி நிக்கும். இன்னொண்ணு, கீழே உருண்டையா, கனமா இருக்கிற ராஜா ராணி பொம்மை. இதை எந்தப் பக்கம் சாய்ச்சாலும் நிமிர்ந்துடும். இந்தப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடும் இருக்கு. நாம செய்யப் போறது ரெண்டாவது வகை.

இதோட ரகசியம் ஒரே வரிதான். அடிப்பாகம் அரைக்கோளம்னா, அந்தக் கோளத்தோட மையத்துக்குக் கீழே பொம்மையோட மொத்த ஈர்ப்பு மையம் இருக்கணும். இருந்தா, சாய்க்கும்போது ஈர்ப்பு மையம் மேல ஏறும், விட்டதும் கீழே இறங்கப் பார்க்கும், பொம்மை நிமிரும். மையத்துக்கு மேல போயிட்டா, தொட்டதும் படுத்துடும்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச மெட்டாசென்டர் ஞாபகம் வருதா? அதே கதைதான். முத்தையாபுரத்துல இருந்து கொஞ்ச தூரத்துல துறைமுகம். அங்க நிக்கிற கப்பல்ல கனமான சரக்கை ஏன் அடியில வைக்கிறாங்க, சரக்கு இல்லாதப்ப ஏன் தொட்டியில தண்ணி ஏத்துறாங்கன்னு யோசிச்சா, தலையாட்டி பொம்மை புரிஞ்சிடும்.

இன்னொரு சுவாரஸ்யம். அடியில தனியா எடை வைக்காம, ஒரே பொருளாலான, குழிவே இல்லாத ஒரு உருவம் இப்படி ஒரே ஒரு நிலையில மட்டும் நிக்குமா, தலைகீழா ஒரே ஒரு நிலையில மட்டும் தடுமாறுமா? கணித மேதை விளாடிமிர் ஆர்னல்டு இப்படி ஒண்ணு இருக்கும்னு சொல்லியிருந்தார். ஹங்கேரியைச் சேர்ந்த டொமோகோஸ், வார்கோனி ரெண்டு பேரும் 2006-ல அதைக் கண்டுபிடிச்சு 'கோம்பொக்'னு பேர் வச்சாங்க. நமக்கு அந்த அளவுக்குக் கஷ்டம் வேண்டாம். அடியில கொஞ்சம் சிமெண்ட் போதும்.

முதல்ல யாருக்குன்னு முடிவு பண்ணுங்க

உருவம், எடை எல்லாமே இதைப் பொறுத்துத்தான். நான் செஞ்சது எங்க ஆச்சிக்கு. ஆச்சி பல வருஷம் உப்பளத்துல பெட்டி சுமந்தவங்க. வேலை செய்றப்ப எடுத்த போட்டோ ஒண்ணுகூட கிடையாது. இருக்கிறது ஆதார் கார்டு போட்டோ மட்டும்தான். அதனால தலையில உப்புப் பெட்டியோட ஒரு பொம்மைன்னு வரைஞ்சு வச்சேன். அத்தைக்குப் பிடிக்கல. "அம்மா பட்ட கஷ்டத்தைப் போயி ஷோகேஸ்ல வைக்கணுமா? பட்டுச்சேலை கட்டி அழகா உக்கார வை"ன்னாங்க. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருக்கு. வீட்ல ரெண்டு நாள் இதே பேச்சு. கடைசியில ஆச்சியே படத்தை வாங்கிப் பார்த்துட்டு, "ஏல, பெட்டி வச்சா அடியில சும்மாடும் வைக்கணும்"னு சொன்னாங்க. அதோட பேச்சு முடிஞ்சது. பட்டுச்சேலைக்குப் பதிலா, வேலைக்குக் கட்டின பச்சைப் பருத்திச் சேலைன்னு முடிவாச்சு.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

தலையில பெட்டின்னா ஈர்ப்பு மையம் மேல ஏறும். அதனால செய்றதுக்கு முன்னாடியே கணக்கு வேணும். அடி அரைக்கோளத்தோட ஆரம் 5 செ.மீ. எல்லாத் தூரமும் கோள மையத்துல இருந்து.

- அடியில் சிமெண்ட் கலவை: 200 கிராம், மையத்துக்குக் கீழே சுமார் 3 செ.மீ. பெருக்கினா 600.
- உடம்பு, 9 செ.மீ. உயரக் காகிதக் கூம்பு: 40 கிராம், மேலே 3 செ.மீ. பெருக்கினா 120.
- தலை: 20 கிராம், மேலே 10 செ.மீ. பெருக்கினா 200.
- பெட்டியும் சும்மாடும்: 15 கிராம், மேலே 13 செ.மீ. பெருக்கினா 195.

மேல் பக்கம் மொத்தம் 515. கீழ்ப் பக்கம் 600. கீழே அதிகம், அதனால நிக்கும். அடிக் கிண்ணத்தோட காகித எடையும் நம்ம பக்கம்தான். இதே தலையைக் களிமண்ல 60 கிராமுக்குச் செஞ்சா மேலே 915 ஆயிடும். பெட்டியையே எடுத்தாலும் 720. நிக்கவே நிக்காது. அதனால விதி ஒண்ணுதான்: மேலே போகப் போக எடை குறையணும்.

வித்தியாசம் கம்மியா இருந்தா பொம்மை மெதுவா ஆடும், அதிகமா இருந்தா வெடுக்குன்னு நிமிரும். ஆச்சி பொம்மை மெதுவா ஆடினாதான் அழகு.

செய்முறை

1. 10 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் பந்துல தேங்காயெண்ணெய் தடவுங்க. பாதிப் பந்துக்கு மட்டும் பேப்பர் துண்டுகளை மைதாப் பசையில நனைச்சு ஒட்டுங்க. ஆறேழு அடுக்கு வேணும். ரெண்டு அடுக்குக்கு ஒருக்கா காயவிடுங்க.

2. நிழல்ல காத்தோட்டமா காய வைங்க. சுள்ளுனு வெயில்ல வச்சா கோணிக்கும். நம்ம ஊர் காத்துல ஈரம் அதிகம், அவசரப்படாதீங்க.

3. கிண்ணத்தைக் கழட்டி, சிமெண்ட் மணல் கலவையை நடுவுல மட்டமா ஊத்துங்க. கடல் மணல் வேண்டாம்; அதுல உள்ள உப்பு ஈரத்தை இழுத்துக் காகிதத்தை ஊற வைக்கும்.

4. கூம்பையும் தலையையும் அதே மாதிரி உள்ளே வெற்றா செஞ்சு ஒட்டுங்க. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே சாய்ச்சுப் பாருங்க. ஒரு பக்கமா சாஞ்சு நின்னா எதிர்ப் பக்கம் உள்ளே கொஞ்சம் எம்சீல் வைங்க.

5. சாக்பீஸ் பொடியை ஃபெவிகால்ல குழைச்சு மெல்லிசா பூசுங்க. காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க.

6. பெட்டியைப் பனை ஓலையில பின்னலாம். மணப்பாடு பக்கம் ஓலைப் பின்னலுக்குப் பேர் போனது. பின்னத் தெரிஞ்சவங்க நம்ம மாவட்டத்துல நிறைய பேர் இருக்காங்க, கேட்டா சொல்லிக் கொடுப்பாங்க. உப்புக்குப் பதிலா தெர்மாகோல் பொடி போடுங்க. நிஜ உப்பு மழைக்காலத்துல கசியும்.

பூச்சி அரிக்காம இருக்க பசையில மயில்துத்தம் சேர்க்கிறது உண்டு. அது விஷம். குழந்தை இருக்கிற வீட்டுக்குன்னா கண்டிப்பா வேண்டாம்.

முகம் வரையுறது

சேலை, கை, நகை எல்லாம் முடிச்சிட்டு முகத்துக்கு வாங்க. அதுலயும் கண்ணைக் கடைசியா வைங்க. கலைஞர்கள் 'கண் திறக்கிறது'னு சொல்ற வேலை அது. ஜீரோ நம்பர் பிரஷ், அக்ரிலிக் கலர். முதல்ல பேப்பர்ல பத்து தடவை வரைஞ்சு பழகுங்க. அச்சு அசலா வரணும்னு கவலைப்படாதீங்க. அந்த ஆளுக்கே உரிய ரெண்டு அடையாளம் போதும். எங்க ஆச்சிக்கு இழுத்துத் தொங்குற காதும், நெத்தியில பெரிய பொட்டும். அது ரெண்டும் இருந்தா, தெருவுல யாரைக் கேட்டாலும் பேரைச் சொல்லிடுவாங்க.

செலவும் நேரமும்

பேப்பர் வீட்லயே இருக்கும். கலர், பிரஷ், எம்சீல் மட்டும் வாங்கினா போதும். நேரம்தான் அதிகம் ஆகும். காயறதுக்கு மட்டுமே ஒரு வாரத்துக்கு மேல ஒதுக்குங்க. பிளேஸ்மெண்ட் முடிஞ்சு ஆளுக்கொரு ஊருக்குக் கிளம்பப் போறோம். வீட்ல எல்லாரோடவும் ஒண்ணா இருக்கிற நாள் இனிமே கம்மிதான். அடுத்த லீவுல பந்தும் பேப்பரும் எடுத்து உக்காருங்க. முதல்ல கணக்கைப் போடுங்க, அப்புறம் பசையைக் காய்ச்சுங்க. பொம்மை யாருக்குன்னு இன்னும் முடிவு பண்ணலன்னா, வீட்ல யாரோட போட்டோ ரொம்பக் கம்மியா இருக்குன்னு ஆல்பத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்க.