கட்டணச் சீட்டில் நாம் படிக்காத வரி



வியாபாரிகளாகிய நாம் ஒரு மூட்டை அரிசி வாங்கினாலும் எடை என்ன, விலை என்ன என்று தனித்தனியே விசாரிக்கிறோம். ஆனால் மாதந்தோறும் வரும் மின்சாரக் கட்டணச் சீட்டில் மட்டும் அடியிலுள்ள தொகையைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். எத்தனை யூனிட் வாங்கினோம் என்று பார்ப்பதில்லை. நானும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தேன். அந்த வரியைப் படிக்கும் விதத்தை இப்பாடத்தில் காண்போம்.

1. யூனிட் என்பது யாது?

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். சிங்கப்பூரில் மின்சாரத்தில் 100-க்குச் சுமார் 95 பங்கு இயற்கை வாயுவை எரித்தே உண்டாக்கப்படுகிறது. எரியும்போது கரியமில வாயு வெளியாகிறது. யூனிட் ஒன்றுக்கு அது சுமார் 400 கிராம். விலையோ சுமார் 30 காசு. ஆக, ஒவ்வொரு யூனிட்டுக்கும் இரண்டு செலவு உண்டு. ஒன்று நம் பையிலிருந்து போகிறது. மற்றொன்று ஆகாயத்தில் சேருகிறது.

2. அதனால் என்ன கேடு?

கரியமில வாயு பூமியின் உஷ்ணத்தை வெளியே விடாமல் போர்வைபோல் தடுக்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்தது. 2024-இல் அது 420-ஐத் தாண்டியிருந்தது. உஷ்ணம் கூடினால் கடல் நீர் விரிகிறது, பனிப்பாறைகள் உருகுகின்றன, கடல் மட்டம் உயர்கிறது. சிங்கப்பூர் நிலத்தில் 100-க்குச் சுமார் 30 பங்கு, கடல் மட்டத்துக்கு மேல் 5 மீட்டர்கூட இல்லை. 2100-ஆம் ஆண்டுக்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024-இல் வெளியான இந்நாட்டு ஆய்வு கூறுகிறது. நம் பேரப்பிள்ளைகள் கடை வைக்கப்போகும் நிலம் இதுதான்.

3. மூன்று கணக்குகள்

ஏர்கான்: சராசரியாக 800 வாட் இழுக்கும் யந்திரம் இரவில் 8 மணி நேரம் ஓடினால் 6.4 யூனிட். 60 வாட் விசிறிக்கு அரை யூனிட்கூட ஆகாது. மாதத்தில் 10 இரவு விசிறியோடு படுத்தால் 59 யூனிட் மிச்சம். பணம் 17 வெள்ளிக்கு மேல். கரியமில வாயு சுமார் 24 கிலோ. ஏர்கான் போட்டே ஆகவேண்டிய இரவில் 25 டிகிரியில் வைத்து, விசிறியையும் சுழலவிடுங்கள்.

வெந்நீர்: 3,000 வாட் சாதனத்தில் 10 நிமிடம் குளித்தால் அரை யூனிட். நால்வர் உள்ள வீட்டில் 5 நிமிடமாகக் குறைத்தால் மாதம் 30 யூனிட், அதாவது 9 வெள்ளி மிச்சம்.

குளிர்பதனப் பெட்டி: கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். இரவும் பகலும் குளிர் வெளியேறும். புதிது வாங்குவோர் விலையை மட்டும் பாராமல், அதில் ஒட்டியுள்ள மின்சக்தி முத்திரையையும் பார்க்க வேண்டும். டிக் அடையாளம் கூடக்கூட மின்செலவு குறையும்.

4. ஒரு கேள்வி

“என் வீட்டு 24 கிலோவினால் உலகம் குளிர்ந்துவிடுமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஒரு வீட்டால் மட்டும் ஆகாது. இந்நாட்டு மின்சாரத்தில் வீடுகள் எல்லாம் சேர்ந்து சுமார் ஏழில் ஒரு பங்கையே செலவிடுகின்றன. பெரும்பங்கு தொழிற்சாலைகளுக்கும் வர்த்தக நிலையங்களுக்கும் போகிறது. அந்த வர்த்தக நிலையங்களில் நம் கடையும் ஒன்றல்லவா? வீட்டில் சுவிட்சை அணைக்கப் பழகிய கை, கடை சாத்தும்போது பெயர்ப்பலகை விளக்கையும் அணைக்கும். மேலும், சில்லறைக் காசை அற்பமென்று தள்ளியவன் எவனும் கடை நடத்தித் தேறியதில்லை.

வாசகர்கள் செய்ய வேண்டியது: கடந்த மூன்று மாதச் சீட்டுகளை எடுத்து, யூனிட் எண்ணிக்கையை மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த மாத எண்ணை அதன் கீழே எழுதுங்கள். வீட்டில் உள்ளவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக் காட்டுங்கள். குறைந்திருந்தால் அது அவர்கள் ஈட்டிய லாபம். கூடியிருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று எல்லோரும் சேர்ந்து தேடுங்கள்.