இரைக்குத் தெரியாத சிவப்பு வெளிச்சம்

கேள்வி: ஆழ்கடல் டிராகன் மீன் நம் பக்கத்துக் கடல்களில் உண்டா?
– வாசகர், தாராபுரம்

பதில்: உண்டு. 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்த ஆல்காக், இக்குடும்பத்தைச் சேர்ந்த 'சாலியோடஸ் பம்மெலாஸ்' இனத்தை 1892-ல் விவரித்தார். அரபிக்கடலில் வாழ்கிறது.

என்னை அதிகம் வியக்க வைப்பது அதன் உறவான மலக்கோஸ்டியஸ். இந்தியப் பெருங்கடலிலும் உண்டு. 500 மீட்டருக்குக் கீழே பெரும்பாலான உயிர்களின் கண்களுக்கு நீல ஒளிதான் தெரியும். இதுவோ கண்ணுக்கடியில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறது! இரை அறியாமலேயே அதன்மீது வெளிச்சம் பாய்ச்சுகிறது. அந்தச் சிவப்பைக் காண இதன் விழித்திரைக்கு உதவுவது பச்சையத்திலிருந்து வந்த நிறமி. உங்கள் அமராவதிக் கரை நெற்பயிரைப் பச்சையாக்கும் பொருளின் வழிவந்தது, வெயிலே படாத மீனின் கண்ணில்! கோபிபாட் எனும் சிறிய ஓட்டுடலிகளைத் தின்று அதைப் பெறுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.