பாகலில் ஆண் பூவாகவே பூக்கிறது, ஊக்கி தெளிக்கலாமா?

கேள்வி: 50 சென்டில் பந்தல் போட்டுப் பாகல் வைத்திருக்கிறேன். விதைத்து 45 நாள் ஆகிறது. கொடி செழிப்பாகப் பந்தல் ஏறிவிட்டது. ஆனால் பூத்ததெல்லாம் ஆண் பூ. பெண் பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எத்ரல் அடித்தால் சரியாகும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். மிளகாய்க்கு வாங்கிய பிளானோபிக்ஸ் மீதி இருந்தால் அதையே அடியுங்கள் என்கிறார் உரக்கடைக்காரர். எதை அடிப்பது?
- ஒரு விவசாயி, ஒட்டன்சத்திரம்

பதில்: இப்போது இரண்டுமே வேண்டாம்.

பாகலில் ஆண் பூதான் முதலில் வரும். பெண் பூ சில நாள் கழித்தே தலைகாட்டும். அதன் பிறகும் ஒரு பெண் பூவுக்குப் பத்து, பதினைந்து ஆண் பூ இருப்பது பாகலின் இயல்பு. பூவுக்கு அடியில் குட்டிப் பாகல் போலப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. இன்னும் ஒரு வாரம் பொறுத்து, பக்கக் கிளைகளில் தேடிப் பாருங்கள்.

அண்ணன் சொன்னதில் உண்மை இருக்கிறது, காலம்தான் தவறிவிட்டது. எத்ரலில் இருப்பது எத்திபான். செடிக்குள் போனதும் அது சிதைந்து எத்திலீன் வாயுவை விடும். பூ அரும்பு கண்ணுக்கே தெரியாத பருவத்தில் ஆண், பெண் இரண்டு உறுப்புகளுக்கும் அதில் தொடக்கம் இருக்கும். எத்திலீன் கூடினால் பெண் பாகம் வளரும். எனவே அரும்பு உருவாகும் முன்பே தெளித்தாக வேண்டும். பாகலுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை: விதைத்த 10 முதல் 15 நாளுக்குள் தொடங்கி, வாரம் ஒரு முறையாக 4 முறை, 10 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி எத்ரல். இப்போது அடித்தால் பூத்த ஆண் பூ பெண் பூவாக மாறாது. கொடியில் இருக்கும் காய் சீக்கிரம் பழுத்து மஞ்சளாகிவிடும் ஆபத்தும் உண்டு.

பிளானோபிக்ஸின் வேலை வேறு. அதிலுள்ள என்.ஏ.ஏ., பூக்காம்பு கழன்று விழாமல் தடுப்பது. மிளகாயில் பூ உதிரும்போது 4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி, அதாவது 10 பிபிஎம், தெளித்தால் பலன் தெரியும். உங்கள் தோட்டத்தில் பூ உதிரவில்லையே! அளவும் பருவமும் மாறினால் பலனே தலைகீழாகும். இதே என்.ஏ.ஏ.வை ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சுகளை உதிர்த்துக் குறைப்பதற்காகத் தெளிக்கிறார்கள்.

வளர்ச்சி ஊக்கி செடிக்கு உணவு அல்ல, கட்டளை. உரம் கொஞ்சம் கூடினால் செடி தாங்கும். ஊக்கி கூடினால் கொடி குட்டையாகும், இலை வெளுக்கும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், அளவுக் குழாயால் அளந்து ஊற்றுங்கள். எத்ரல் காரத்தன்மையுள்ள தண்ணீரில் சீக்கிரம் சிதையும். ஆகவே நல்ல தண்ணீரில், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். வேறு மருந்து எதையும் அதோடு சேர்க்க வேண்டாம். உள்ளே என்ன மூலப்பொருள், எத்தனை சதவீதம் என்று எழுதாத 'பூ டானிக்' எதையும் வாங்காதீர்கள்.

சரி, இந்தப் பயிருக்கு என்ன செய்வது? கொடி செழிப்பாக இருக்கிறது என்கிறீர்கள். யூரியா கூடியிருக்கலாம். தழைச்சத்து மிகுந்தாலும், வெயில் கடுமையானாலும், பகல் நீண்டாலும் ஆண் பூ பெருகும். எனவே யூரியாவை நிறுத்துங்கள். பாகல் பூ விடியற்காலையில் விரியும். மகரந்தத்தின் வீரியம் மதியத்துக்குள் குறைந்துவிடும். அதற்குள் தேனீ வர வேண்டும். பூச்சிமருந்து தெளித்தே ஆக வேண்டுமென்றால் மாலையில் தெளியுங்கள். தேனீ நடமாட்டம் இல்லையென்றால், காலையில் ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தொட்டுவிடுங்கள். பிஞ்சு மஞ்சளாகி வெம்பினால் வெட்டிப் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் பழ ஈயின் வேலை. கியூலூர் பொறி வையுங்கள்.

கைவசம் இருக்கும் பெண் பூ ஒவ்வொன்றும் காயாக வேண்டும். இந்தப் போகத்தின் மகசூல் அதில்தான் இருக்கிறது. எத்ரலை அடுத்த விதைப்பின் இரண்டாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போகத்தில் நாலு வரிசைக்கு மட்டும் தெளித்து, தெளிக்காத வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதற்கடுத்த போகத்தில் தோட்டம் முழுவதும் தெளியுங்கள்.