ஐம்பதா, எண்பத்தைந்தா? லென்ஸ் வாங்கும் முன் ஒரு கணக்கு



நம்மில் சிலர் முகூர்த்த நாட்களில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போய்த்தான் பரீட்சைக் கட்டணம் கட்டுகிறோம். கையில் இருப்பது கேமராவோடு கூட வந்த 18-55 ஜூம். நாலு காசு சேர்ந்ததும், "மச்சி, எண்பத்தைந்து வாங்குடா, முகம் சும்மா சினிமா மாதிரி வரும்" என்று எவனாவது ஏற்றிவிடுவான். பணத்தைக் கொட்டுவதற்கு முன், முதலாமாண்டு இயற்பியலை வைத்தே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

உதாரணத்துக்குக் கேனான் லென்ஸ்கள் இரண்டு. ஒன்று 2015-ல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம், எடை சுமார் 160 கிராம். மற்றது 1992-ல் வந்த 85 மி.மீ. எஃப் 1.8 யூஎஸ்எம், 425 கிராம். விலையிலும் பின்னது இரண்டு பங்குக்கு மேல். இரண்டும் பிரைம், அதாவது குவியத் தூரம் மாறாதவை.

வெளிச்சத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. நம் ஜூம் 55-க்குப் போனால் எஃப் 5.6 ஆகிவிடும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 9.7. ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி! ஜூமில் 1/15 நொடியில் கை ஆடிப்போன படம், இவற்றில் 1/125-ல் நிற்கும்.

அடுத்து, பின்னணி மங்கல். 85-ல் ஷார்ப்பான ஆழம் குறைவு என்பார்கள். ஒரே இடத்தில் நின்றால் சரிதான், மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆனால் முகம் அதே அளவில் வர வேண்டுமென்றால் 2 மீட்டரில் நின்றவர் 3.4 மீட்டருக்குப் பின்வாங்க வேண்டும். அப்போது இரண்டிலும் ஆழம் சமம்! மாறுவது தூரத்துப் பின்னணி மட்டும். துளையின் விட்டம் 50/1.8 = 28 மி.மீ., 85/1.8 = 47 மி.மீ. அதனால் தூரத்து சீரியல் செட் பல்புகள் 1.7 மடங்கு பெரிய வட்டங்களாக விரியும். அழகுதான், மறுக்கவில்லை.

மூக்கு விஷயத்துக்கு வருவோம். முகம் உப்புவது லென்ஸின் குற்றமல்ல, நாம் நிற்கும் தூரத்தின் குற்றம். மூக்கு நுனிக்குக் காது 10 செ.மீ. பின்னால் என்று வையுங்கள். தலையும் தோளும், சுமார் 60 செ.மீ., நெட்டுவாக்கில் படத்தில் அடங்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50-க்கு 83 செ.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். மூக்கு 12 சதவீதம் பெரிதாகத் தெரியும். 85-க்கு 1.4 மீட்டர், 7 சதவீதம்தான். எண்பத்தைந்துக்குப் பேர் வந்தது இப்படித்தான்.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஃபுல் ஃபிரேமா? ஏபிஎஸ்-சி சென்சார். கேனானில் 1.6-ஆல் பெருக்க வேண்டும். 50 என்பது 80 போல வேலை செய்யும். அதே தலை-தோள் படத்துக்கு நிற்க வேண்டிய தூரம் 1.35 மீட்டர், மூக்குக் கணக்கு அதே 7! சினிமா மாதிரி முகம் கேட்டவனுக்கு ஐம்பதே போதும்.

85-ஐ மாட்டினால் அது 136 ஆகிவிடும். மணமக்களை முழு உருவமாக எடுக்க 7 மீட்டருக்கு மேல் பின்னே போக வேண்டும். அங்கே பெண்ணின் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், நடுவில் வீடியோக்காரர் வேறு. 50 என்றால் நாலரை மீட்டர். மோதிரம், தாலி எடுக்கவும் 50 தான், 35 செ.மீ. வரை நெருங்கலாம். மற்றதற்கு 85 செ.மீ. வேண்டும்.

மேடை நாட்டியம், கபடி என்று கிட்டே போக முடியாத வேலைதான் அதிகம் என்றால், தாராளமாக 85 வாங்குங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? ஜூம் வளையத்தை 50-ல் வைத்து டேப் ஒட்டிவிட்டு, ஒரு கல்யாணம் முழுக்க எடுத்துப் பாருங்கள். முதுகு சுவரில் இடித்துக்கொண்டே இருந்தால் உங்களுக்குத் தேவை இரண்டுமே இல்லை, 35.